குடல்வால் இல்லையாம்

மே 14, புதன்

காலையில் எங்கள் தையல் யூனிட்டில் செல்வி மிஷின் மேலேயே சரிந்துவிட்டாள். வலது அடிவயிற்றில் வலி. உள்ளூர் கிளினிக்கில் குடல்வால் என்றார்கள், உடனே ஆபரேஷன் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சூப்பர்வைசர் என்ற முறையில் நானே வேன் பிடித்து அவளைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் குடல்வால் நன்றாக இருந்தது. சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருந்தது.

“இந்த வெயில்ல தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“குடிச்சா பாத்ரூம் போணும்லா டாக்டர். சாப்பாட்டு பெல் அடிக்கிற வரைக்கும் பூட்டி வச்சிருப்பாவ.”

யார் பூட்டுவது என்று அவர் கேட்கவில்லை. செல்வியும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இல்லன்னா சும்மா வயித்தக் கிழிச்சிருப்பாவ, அக்கா.”

சாவி அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தது.