அப்பாவின் அறிமுகத்தில் இல்லாத வரி

வெள்ளிக்கிழமை

இன்று மருந்தாளர் கல்லூரியில் அப்பாவின் நினைவாக நாங்கள் நிறுவிய வருடாந்தச் சொற்பொழிவு. அப்பாவைப் பற்றிய அறிமுகத்தை நான் எழுதினேன், தம்பி வாசித்தான். கலஹாவில் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் போத்தல் கழுவித்தான் அவர் தொழிலைத் தொடங்கினார் என்ற வரியை மட்டும் காணவில்லை.

தேநீர் நேரத்தில் அவனைத் தனியாக இழுத்துக் கேட்டேன். "தோட்டத்துல பொறந்தது அவ்வளவு வெக்கமாடா ஒனக்கு?"

"நான் எடுக்கலக்கா. காலையில அம்மாதான் பேனாவால அடிச்சு விட்டாங்க."

முன்வரிசையில் அம்மா பட்டுப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் போத்தல்களை வெயிலில் கவிழ்த்து வைத்தது தான்தான் என்று சின்ன வயதில் எனக்குப் பெருமையாகச் சொன்னவள். வீட்டுக்குள் மட்டும் சொல்கிற பெருமை அது என்பதை அவள் சொல்லவே இல்லை.