ஜன்னலோரத்தில் மஞ்சள்

மார்ச் 4

மறுபடியும் பூஜ்யம். குடல் செல்களை மெல்லிய சவ்வாக வளர்த்து, மேலே ஊற்றியது கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை. மஞ்சள் சத்து தனியாக இறங்காது, தெரிந்ததுதான். தண்ணீரில் கரையாது, சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அதைச் சுமந்து போகத்தானே இஞ்சிச் சாற்றிலிருந்து இந்த நானோ குமிழிகளைப் பிரித்தெடுத்தேன்? இயற்கையே செய்துவைத்த கொழுப்புக் குமிழிகள். ஜனவரியில், பழைய அறையில், அழகாக இறங்கியதே. அது பொய்யா?

மார்ச் 7

ஆய்வகத் தலைவி மேடம் கூப்பிட்டார். திட்டவில்லை, அதுதான் பயம்.

"ஒரு தடவை வந்தா அதிர்ஷ்டம்மா. ரெண்டாவது தடவையும் வரணும். மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்."

அதற்குள் வராவிட்டால் ஆராய்ச்சியும் இல்லை, என் வேலையும் இல்லை.

மார்ச் 8

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 13

ஒரே ஆறுதல், பிப்ரவரியில் இந்தப் புது அறைக்கு மாறியபோது சண்டை போட்டு வாங்கிய ஜன்னலோர மேசை. வெயில் முதுகில் விழ, குழாய்கள் மெதுவாகக் கலந்துகொண்டிருக்கின்றன. மஞ்சள் நிறம் வெளுக்க வெளுக்க, சத்து குமிழிக்குள் போகிறது என்று மனசு குளிர்கிறது. பிறகு ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?

மார்ச் 16, ஞாயிறு

இவர் என் வெள்ளைக் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்து வந்தார். கோட்டின் கைப்பகுதியில் இருந்த மஞ்சள் கறையைக் காணோம்.

"எதைப் போட்டு எடுத்தீங்க?"

"ஒண்ணும் போடல. வெயில்ல போட்டேன், தானா போயிடுச்சு. எங்க வீட்டு விஞ்ஞானிக்கு இதுகூடத் தெரியாதா?"

உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, நான் என்ன லூசா? வெயிலில் மஞ்சள் சிதையும் — பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன்! குமிழிக்குள் எதுவும் ஒளிந்துகொள்ளவில்லை, ஜன்னலோரத்தில் செத்துக்கொண்டிருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். சிரிப்பும் அழுகையுமாக, வேலை விஷயத்தையும் இவரிடம் கொட்டிவிட்டேன். "இதை ஒன்பது நாளா மனசுல வச்சிருந்தியா?" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 17

குழாய்களுக்கெல்லாம் அலுமினியத் தாள் சுற்றினேன். அடுத்த மேசைக்காரி, "என்னக்கா, சாப்பாடு பார்சலா?" என்றாள். சிரித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 21

இறங்கியது! வெறும் மஞ்சள் மேலேயே நின்றது; குமிழிக்குள் ஏறியது கீழே வந்தது. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். அப்பாடா.

மார்ச் 27

இரண்டாவது தடவையும். மேடத்திடம் ஜன்னல் கதையையும் மறைக்காமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கட்டுரையில இதையும் எழுதுங்க. இன்னொருத்தி ஜன்னலுக்குச் சண்டை போடக் கூடாது."

ஏப்ரல் 2

ஜன்னலோர மேசையில் இப்போது அடுத்த மேசைக்காரியின் செடித்தொட்டி. நான் பழைய அறையின் இருட்டு மூலைக்கே வந்துவிட்டேன். பகலிலும் விளக்கு வேண்டும், நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது. ஆராய்ச்சியை நீட்டித்துவிட்டார்கள்; இன்னும் இரண்டு வருஷம் இங்கேதான்.