மெஷின் ஓடும் நேரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, உன் அத்தை மூவரும் இங்கே நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை முழுசாகப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீயும் மாப்பிள்ளையும் ஐந்து மாதப் பொடிசும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எங்கள் பொழுது போகிறது. போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நிற்பாள், அத்தை வந்து யாரு யாரு என்பாள், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை பெய்தது பெய்யவில்லை என்று பேசி வைத்துவிடுவேன். அதனால்தான் வேலைக்கு வந்த இடத்தில், பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். தாளில் கிரீஸ் கறை இருந்தால் பொறுத்துக்கொள் கண்ணு.

முதலில் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். என் முட்டிவலி போன மாதம் எப்படியோ இந்த மாதமும் அப்படியே, லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் மாடிப்படி ஏறித்தானே ஆகவேண்டும், இது என்ன தலையெழுத்தோ. அத்தைக்குக் காது இரண்டு வருஷமாக மந்தம் என்று உனக்குத் தெரியும், இப்போது சுத்தமாகவே கேட்பதில்லை, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மா ஆஸ்பத்திரி டெலிபோன் வேலைக்கு ஒரு வருஷம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். பொடிசைப் பார்த்துக்கொள்ள அங்கே வருகிற பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது, இப்போதே பெட்டி கட்டிக் கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கிறது. உள்ளே முழுக்கப் பொடிசுக்குத் தைத்த சட்டைகள், ஆறு மாதத்துக்கு ஒரு அளவு, ஒன்பது மாதத்துக்கு ஒரு அளவு. வயலினையும் எடுத்துக்கொள்ளேன், இடம் இருக்கிறதே என்றேன். அது எதுக்குங்க அங்க, குழந்தை பயந்துக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உறைத்தது பல் டாக்டரிடம் போனபோதுதான். சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தின் மேல்மாடியில் உன் அம்மாவோடு எட்டுப் பேர் கூடி வயலின் வாசிப்பார்களே, அந்தக் குழுவை நடத்துகிறவரேதான். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளக்க வைத்து, இரண்டு பக்கமும் பஞ்சைத் திணித்துவிட்டு, ஏன் சார், உங்க வீட்டம்மா வாசிக்கிறதையே விட்டுட்டாங்களே, என்ன ஆச்சு என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் தெரியும். தெரியாது என்று சொல்லக்கூட வாய் இல்லை. அவரே தொடர்ந்து சொன்னார். ஏழெட்டு மாதமாகவே கை தடுமாறியதாம், வீட்டில் பழக நேரம் கிடைக்கவில்லை என்றாளாம், பிறகு பாதி நாள் வருவதில்லையாம், போன மாதம் வந்து பேத்தியைப் பார்க்கப் போகிறேன், என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். இதில் பெரிய விஷயம் என்ன என்றால், வருஷத்துக்கு ஒரு தடவை அவர்கள் ஊர் மண்டபத்தில் வாசிப்பார்கள் அல்லவா, இந்தத் தடவை அதில் ஆறு நிமிஷம் உன் அம்மா தனியாக வாசிப்பதாக இருந்ததாம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாம். அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை, இந்த மாதக் கடைசி சனிக்கிழமை வரை பார்ப்பேன், அதற்குமேல் முடியாது என்றார். பல்லைப் பிடுங்கினது வலிக்கவே இல்லை எனக்கு.

நேரம் கிடைக்கவில்லை என்றாளாமே, அது ஏன் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சமையலறை மூலையில் புது வாஷிங் மெஷின் மினுக்கிக்கொண்டு நின்றது. சுருக்கென்றது. உனக்குப் பழைய மெஷினைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னறையில் கிடந்து தடதடவென்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓடும், ஒரு தடவை போட்டால் ஒன்றேகால் மணி நேரம். உன் அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து வாசிப்பாள். வயலின் கேட்டால் அத்தை சாவு வீட்டுல அழுற மாதிரி இருக்கு என்று ஆரம்பிப்பாள், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். தினமும் துவைக்க இந்த வீட்டில் துணி ஏது? சுத்தமாக இருக்கிற திரைச்சீலையை எல்லாம் கழற்றிப் போடுவாள். நான் மூன்று தடவை பெல்ட் மாற்றினேன், இரண்டு தடவை பேரிங் மாற்றினேன், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்று சொல்லும்போதெல்லாம் வேண்டாங்க, இதுவே நல்லா ஓடுது என்பாள். சிக்கனக்காரி என்று மெச்சிக்கொண்டேன். நான் ஒரு மடையன் அம்மாடி. ஊரில் இருக்கிற லிஃப்ட்டுக்கெல்லாம் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன், என் வீட்டுப் பின்னறையில் கேட்ட சத்தம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் பாவம், ஓட்டை மெஷினோடு மல்லுக்கட்டுகிறாளே என்று, அவளிடம் சொல்லாமல், எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் பிறந்தநாளன்று புது மெஷினைக் கொண்டுவந்து இறக்கினேன். அரை மணி நேரத்தில் துவைத்துவிடும், சத்தமே வராது, முடிந்ததும் அழகாக ஒரு மணி அடிக்கும். இனிமேல் உனக்கு முக்கால் மணி நேரம் மிச்சம் என்று அவளிடம் பெருமையாக வேறு சொன்னேன். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கட்டும் என்று சமையலறையில் வைத்தேன், பின்னறை சும்மாதானே கிடக்கிறது என்று அத்தைக்கு அங்கே கட்டிலைப் போட்டேன். பழையதைக் காயலான் கடைக்காரன் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய்விட்டான். உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். நல்லா இருக்குங்க என்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கு ஆனது என்பார்களே, அந்தக் குரங்கைப் பிடித்துவிட்டு நான் அக்கம்பக்கம் எல்லாம் கூட்டி வந்து காட்டினேன்.

பல் பிடுங்கின அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவள் இடது கையை எடுத்துப் பார்த்தேன். என்னங்க இது புதுசா என்றாள். நான்கு விரல் நுனியும் கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போய்க் கெட்டியாக இருக்கும், கல்யாணமான புதிதில் அதைத் தொட்டுப் பார்த்துக் கேலி செய்வேன். இப்போது மெத்தென்று இருக்கிறது, பொடிசின் விரல் மாதிரி. அத்தைக்குத்தான் காதே கேட்கவில்லையே, கூடத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கலாமே, எதற்கு விட்டாய் என்று கேட்டேன். அதற்குச் சொன்னாள், “சத்தத்தை மறைக்கிறதுக்கு இல்லைங்க அது. மெஷின் ஓடுறப்ப என்னை யாரும் கூப்பிட மாட்டீங்க. கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்.” பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் யோசித்துப் பார்க்கிறேன், நாம் எத்தனை தடவை கூப்பிட்டிருப்போம். சாவி எங்கே, சீப்பு எங்கே, என் நீலச்சட்டை எங்கே. நீ பள்ளிக்கூடத்துக் காலத்தில் பென்சில் சீவக்கூட அவளைத்தான் கூப்பிடுவாய். நான் மட்டும் என்ன, கண் முன்னால் இருக்கிற கண்ணாடியை எடுத்துக் கொடுக்கவும் அவள்தான் வரவேண்டும்.

மறுநாள் காலையில் சொன்னேன், நீ போகவேண்டாம், நான் போகிறேன், நீ இருந்து வாசி என்று. முதலில் சிரித்தாள். நீங்களா, டயப்பருக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது தெரியுமா என்றாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. கோபத்தில் அவள் குரல் உயராது, இறங்கும், உனக்குத் தெரியுமே. “முப்பத்திரண்டு வருஷமா யாராவது இதைச் சொல்லுவாங்கன்னு இருந்தேன். இப்ப நீங்க சொன்னா எனக்கு எரிச்சல்தான் வருது. என் பொண்ணு என்னைத்தான் வரச் சொன்னா, நான்தான் போவேன்” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. வயலின் பெட்டி அலமாரிக்கு மேலே படுத்திருக்கிறது, நான் இறக்கித் துடைத்துக் கட்டில் மேல் வைத்தேன், சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் மேலே போய்விட்டது.

கண்ணு, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. லீவு முடிகிறது, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பெற்ற தாயைக் கூப்பிடாமல் ஊரானையா கூப்பிடுவாய்? நீ கேட்டது நியாயம்தான். ஆனால் நீ வேலைக்குத் திரும்புகிற வாரமும் அவர்கள் மண்டபத்தில் வாசிக்கிற வாரமும் ஒன்றாக வந்து தொலைத்துவிட்டது. இரண்டு பேரில் ஒருவர் அங்கே இருக்கவேண்டும், அது நானாக இருக்கட்டும் என்கிறேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் ஐந்து மாதம், சேர்ந்து கிடக்கிற லீவு அதற்குச் சரியாக இருக்கும், மேலதிகாரியிடம் பேசிவிட்டேன். அத்தையை ஒரு வருஷத்துக்கு உன் சித்தப்பா வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அந்தக் கோபத்தில் அவள் நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை, அதுவும் ஒரு நிம்மதிதான். கீழ்வீட்டு டெய்லரின் மருமகளுக்கு நான்கு மாதக் குழந்தை இருக்கிறது, தினமும் வேலை முடிந்து அங்கே போய்க் குளிப்பாட்டவும் டயப்பர் மாற்றவும் கற்றுக்கொள்கிறேன். முதல் நாள் டயப்பரைத் திருப்பிப் போட்டேன், இப்போது அந்தக் குழந்தை என்னைப் பார்த்தால் அழுவதில்லை. சமையல் சுமாராக வரும், மாப்பிள்ளை நாக்கைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லி அவள் நிற்கமாட்டாள், நீ சொன்னால்தான் நிற்பாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். இல்லாத காரணம் எதுவும் ஜோடிக்காதே, உன் பொய்யை அவள் மூச்சிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அம்மா, அப்பா வரட்டும், நீ வாசி என்று நேராகச் சொல். முதலில் அவள் மனசு ஒடியும், என்னை வேண்டாம் என்கிறாளே என்று அழுவாள், நீயும் அழுவாய், அழுதாலும் மாற்றிப் பேசாதே. அப்படியும் அவள் வயலின் பெட்டியைத் திறக்காமல் போகலாம். எட்டு மாதம் பழக்கம் விட்ட கை, திரும்ப வருமா வராதா என்று அந்த டாக்டரே சொல்லவில்லை. எனக்கும் நம்பிக்கை பெரிதாக இல்லை. ஆனால் வந்திருக்குமோ என்று அவள் மிச்ச ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருக்க நான் விடக்கூடாது. உன் விஷயமும் ஒன்று இருக்கிறது. படம் வரைகிற கலர் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன், குழந்தை வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீ போனில் சொன்னாய். உன் அம்மாவும் நீ பிறந்தபோது அதையேதான் சொன்னாள், நீ வளர்ந்து கடல் தாண்டியும் போய்விட்டாய். நான் வருவதற்குள் அதை இறக்கி வை. வாரத்தில் எந்த நேரம் உன்னை யாரும் கூப்பிடக்கூடாது என்று மாப்பிள்ளையிடம் இப்போதே பேசி வை, அவர் நல்ல மனுஷன், ஆனால் நானும் நல்ல மனுஷன் என்றுதான் இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று, இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன். அவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்த நான் அவள் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டிருப்போம், இல்லாவிட்டால் மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கும், மண்டபத்துக்கோ நான் ஒரு வருஷமும் போனதில்லை. இப்போது உன் அம்மா மனம் இறங்கி மண்டபத்தில் மேடை ஏறினால், அந்த ஆறு நிமிஷமும் நான் உன் வீட்டில் பொடிசைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பேன். போகட்டும். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் நீண்ட நாள் நன்றாக இருக்க என் ஆசி. பொடிசின் உள்ளங்காலில் தாத்தாவுக்காக ஒரு முத்தம் கொடு. மறக்காதே, மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு முன்னால் அம்மாவிடம் பேசிவிடு. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் சாயங்காலம் நான்கிலிருந்து ஆறுவரை அவளுக்குப் போன் செய்யாதே, என்ன தலைபோகிற காரியமானாலும் சரி, என்னைக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா