இன்சுலினுக்கு இடமாற்றம்

சகல ஜனங்களுக்கும், குறிப்பாக இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் என் மனைவிக்கும் அறிவிப்பது: இன்று காலை முதல் உன் இன்சுலின் தலைமறைவு வாழ்க்கையை முடித்துக்கொண்டு, பிரிட்ஜ் கதவில் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் பகிரங்கமாகக் குடியேறிவிட்டது.

போன தடவை உன் அக்கா வந்தபோது அதை ஐஸ் பெட்டிக்குள் ஒளித்தாய். மருந்து உறைந்து வீணாயிற்று. இரண்டு நாள் ஊசியில்லாமல் தலைசுற்றி உட்கார்ந்தவளும் நீதான். "வாயைக் கட்டத் தெரியலைன்னு அக்கா சொல்லுவா"ன்னு நேற்றும் அதே சண்டை. வாயைக் கட்டாதவர்களுக்குத்தான் சர்க்கரை வரும் என்றால் முதலில் எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்?

அக்கா பதினொரு மணிக்கு வருகிறார். குழம்பு வைத்துவிட்டேன், சூடுபண்ணினால் போதும். சாப்பிடுமுன் கூடத்திலேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள். பாத்ரூமுக்கு ஓடாதே, கண்ணு. நீ திருடவில்லை.

சொல்ல மறந்தேன். உன் அக்கா வீட்டுக்காரர், என் அருமைச் சகலை, இப்போதுதான் போன் பண்ணினார். "அவ மருந்தை உங்க பிரிட்ஜ்ல ஒரு மூலையில வச்சிடுங்க. தங்கச்சிக்குத் தெரிய வேணாம்னு சொல்றா" என்றார்.

ஆறு வருஷமாக உன் அக்காவும் இன்சுலின்தானாம்.