மெம்பர் ஐயாவின் கம்பளிக் கோட்டு

உ

குன்னூர், மேல் கடைவீதி
1932 மே 9

சௌபாக்கியவதி மகள் மருதாம்பாளுக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மோசஸும் இரண்டு தையல் மிஷின்களும் ஆண்டவன் புண்ணியத்தில் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டி மனுஷனும் எப்படி என்று ஒரு வரி விடாமல் எழுதவும். உன் கடிதம் மாசியிலேயே வந்துவிட்டது, பதில் போட இவ்வளவு நாளானதற்கு அப்பா சோம்பேறி என்று திட்டியிருப்பாய், திட்டு. கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் கப்பலேறி வந்துவிடுங்கள், தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் வேண்டும், அப்பாவுக்கும் இங்கே தையல் வேலை பார்த்து வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அம்மா அன்றைக்கே டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். நான்தான் மெம்பர் ஐயா கோட்டு என்ன ஆகிறதென்று பார்த்துச் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டு செய்த கூத்தைச் சொல்லாமல் உனக்குப் பதில் சொல்ல முடியாது.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து கடை நிலவரம் உனக்குத் தெரியும். துரைமார் பாதிப்பேர் சீமைக்குப் போய்விட்டார்கள், இருக்கிறவர்கள் பழைய கோட்டின் முழங்கைக்கு ஒட்டுப் போடத்தான் வருகிறார்கள். (தேயிலை விலைதான் விழுந்தது, கடையில் ஒரு கிளாஸ் டீ விலை இறங்கக் காணோம், இது என்ன கணக்கோ.) இந்த நேரத்தில்தான் நம் வக்கீல் வடிவேல் ஐயா இடைத்தேர்தலில் ஜெயித்துச் சென்னைச் சட்டசபைக்கு மெம்பரானார். தை மாதம் ஒருநாள் கடைக்கு வந்து, பிரமாணம் எடுக்கப் போகிறேன், மூடுகழுத்துக் கோட்டு ஒன்று நம்ம ஊர்க் கையால் தைத்ததாக இருக்கட்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோட்டைச் சட்டசபையில் நாலு பெரிய மனுஷர் பார்த்தால் கடை பிழைத்தது, இல்லையென்றால் பூட்டிவிட்டு உன்னிடம் வந்துவிடுவது என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு எதிர்க்கடை தெரியாத மூடுபனி. ஐயா இரண்டு ஸ்வெட்டர் போட்டுச் சால்வையும் போர்த்தியிருந்தார். சால்வையை எடுத்தார், ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். நானும் அதற்கு மேலேயே நாடாவை வைத்து அளந்தேன். கனமான செர்ஜ் துணி, உள்ளே ஃபிளானல், நெஞ்சுக்கு இன்னொரு மடிப்பு, கழுத்து வரை பித்தளைப் பித்தான். மோசஸ் ஒருதரம் சொன்னான், ஏனுங்க மேஸ்திரி, அங்கே கீழே வெயிலாச்சுங்களே என்று. பதினைந்து வருஷம் என்னிடம் வேலை செய்கிறவன், நியாயமாகத்தான் சொன்னான். போய்க் காஜா எடுக்கிற வேலையைப் பாரடா என்று எரிந்து விழுந்தேன். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே நான் வெயில் காலத்தில் இறங்கிப் பத்தொன்பது வருஷமாகிறது மருதா, வெயில் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது.

பங்குனியில் பத்திரிகை வந்தது. நீலகிரி மெம்பரின் கோட்டால் சட்டசபையில் சிரிப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம், முடிவெட்டுகிற சுடலை தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தான். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. நேரே வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், ராமாத்தா, பெட்டியைக் கட்டு, ரெண்டு பேரும் பினாங்கு போறோம் என்றேன். இருபத்தேழு வருஷத்தில் ஒரு கோட்டு திரும்பி வந்ததில்லை, வந்த ஒன்றும் சட்டசபை வழியாகவா வரவேண்டும். ஒரு வாரம் கடைப் பக்கமே போகவில்லை. பெரிய மிஷினுக்கு ஊட்டியிலிருந்து ஆள் வந்து விலையும் பேசிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் ஐயாவே நம் வீட்டுக்கு வந்துவிட்டார், அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு. வெளியே சாரல். நான் கையைக் கட்டி நின்றேன். அவர் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். எழுதிக்கொண்டு போன பேச்சை வாசிக்க எழுந்தாராம், வியர்வை சொட்டி மையெல்லாம் கரைந்து காகிதம் நீலமாகிவிட்டதாம். நீலகிரி மெம்பர் கரடித் தோலோடு வந்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, சபை முழுக்கச் சிரிப்பு. இவர் தலைவரிடம் அனுமதி கேட்டுக் கோட்டைக் கழற்றிப் பக்கத்து மெம்பர் கையில் கொடுத்து, கனம் பாருங்கள் என்றாராம். எங்கள் ஊர்த் தையற்காரர் உங்கள் வெயிலைப் பார்த்து இதைத் தைக்கவில்லை, எங்கள் ஊர்க் குளிரைப் பார்த்துத் தைத்தார், அந்தக் குளிரில் விடியற்காலை மழையில் நின்று பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள், வருஷத்துக்கு ஒன்று கொடுத்த கம்பளியையும் சில தோட்டங்களில் இந்த வருஷம் நிறுத்திவிட்டார்கள் என்றாராம். கோட்டு மூன்று வரிசை கை மாறிப் போனதாம், பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். சர்க்கார் தரப்பில் விசாரிக்கிறோம் என்றார்களாம். அந்த விசாரணை இன்னும் மேட்டுப்பாளையம் தாண்டி வரவில்லை. நான் அழுதுவிட்டேன் மருதா, கடைச் சாவி வாங்க வந்திருந்த மோசஸ் பார்த்துவிட்டான், வெளியே சொல்லமாட்டான்.

சர்க்காரை நம்பிக் காத்திருக்க முடியாது என்று ஐயாவும் கூட்டாளி வக்கீல்களும் வெலிங்டனில் பட்டாளத்துப் பழைய கம்பளிகளை ஏலத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனி மழைக்குள் நூற்று அறுபது பெண்களுக்குக் கையில்லாத சட்டை தைத்துக் கொடுக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். லாபமில்லை, கூலிதான். துரைக்குக் கோட்டு வெட்டின கை இது என்று ஒரு நிமிஷம் கர்வம் வந்தது உண்மை. அடுத்த நிமிஷம் மிஷின் வாங்க வந்தவனுக்கு இல்லையென்று கார்டு எழுதிப் போட்டேன். ஐயாவுக்கு மெல்லிசாக இன்னொரு கோட்டும் உண்டு, அதற்கு மோசஸ் வெறும் சட்டையோடு நிற்கவைத்து அளந்தான், மெம்பர் பல் கிடுகிடுக்க நின்றார்.

பெண்களை அளக்க நான் போக முடியுமா, அம்மாதான் போனாள். எண் எழுதத் தெரியாதவள் நூலில் முடிச்சுப் போட்டு அளவு கொண்டுவந்தாள், ஆளுக்கொரு நூல். தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கிற லயத்தில் கருப்பம்மா என்று ஒருத்தி, பிறந்ததிலிருந்து என்னை யாரும் அளந்ததில்லை, கூச்சமாயிருக்கு என்று ஓடி ஓடிச் சிரித்தாளாம். கடைசியில் நின்றவள், உள்பக்கம் வெத்தலைக்கு ஒரு பை வைக்கச் சொல்லுங்க அம்மிணி என்றாளாம். இப்போது எல்லோருக்கும் பை வேண்டுமாம், இடுப்பொடிகிறது. மாதம் முழுக்க ஆகும் என்று நினைத்த அளவெடுக்கிற வேலையைப் பதினொரு நாளில் முடித்துவிட்டாள் உன் அம்மா. என்ன அவசரம் என்றேன். மகளிடம் போகவேண்டாமா என்றாள்.

ஆகவே பதில் இதுதான். நீ இரண்டு பேரைக் கேட்டாய், ஒருத்தியை அனுப்புகிறேன். அம்மா வைகாசிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறாள், நாள் தெரிந்ததும் தந்தி கொடுப்பேன். நான் வரவில்லை, கடை திறந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்கு லேசு என்று மட்டும் நினைத்துவிடாதே. குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் உள்ளங்காலிலிருந்து உச்சி வரை அம்மா நூல் பிடித்து அனுப்பட்டும், பேரனோ பேத்தியோ எவ்வளவு நீளம் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

பப்பாளி தொடாதே, தண்ணீர்க் குடத்தை மாப்பிள்ளையே தூக்கட்டும், அவரிடம் என் மரியாதையைச் சொல். துறைமுகத்துக்குச் சீக்கிரமே போய் நில்லுங்கள், அம்மாவுக்கு நம் பாஷை தவிர ஒன்றும் தெரியாது. நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிவிடும்போது கண் கலங்கமாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷத்தில் அவளை விட்டு ஒரு ராத்திரி இருந்ததில்லை. அவள் அங்கே வந்து இறங்கினதும் அப்பா அழவேயில்லை என்று சொல்லுவாள், நம்பினது போலக் கேட்டுக்கொள்.

நீங்கள் மூவரும் நிறைவாக வாழ ஆசிகளுடன்,
உன் அப்பா
தையல் கருப்புசாமி