நோர்வேக்குக் கப்பலேறிய மா

கீரிமலை வீதி,
மாவிட்டபுரம்.
வியாழன் காலை.

என் அன்பு மகள் வசந்தினிக்கு,

நானும் உன் சின்னம்மா செல்வநாயகியும் நகுலேஸ்வரர் காவலில் உடம்பால் சுகமாயிருக்கிறோம், மனத்தால் சுகமென்று எழுத வரவில்லை. நீயும் மருமகன் ஜெயசுதனும் உங்கள் சின்னவன் சுபாங்கனும் சுகமென்று ஒரு வரி வந்தால்தான் எனக்கு மற்றச் சுகமெல்லாம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் நடக்குமென்று நான் அப்போதே சொன்னேன். கப்பல் செங்கடலால் போகாது, ஆபிரிக்காவைச் சுற்றித்தான் போகும், ஒரு மாதமென்பார்கள் இரண்டு மாதமாகும் என்று சொன்னேனா இல்லையா? உன் கடைக்கு அனுப்பும் மாப் பெட்டிகளில் ஈரம் இறங்கும் என்றேன், மூன்று பெட்டி நனைந்தது. ஒஸ்லோவில் சுங்கக்காரர் லேபலைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள் என்றேன், கேட்டார்கள். கொழும்பில் சரக்கு ஏற்றிவிடும் கந்தோரில் சுவரிலிருந்த உலகப் படத்தில் நான் விரல் வைத்து வழி காட்டியபோது, அங்கிருந்த பெரியவர் கதிரையை விட்டு எழும்பி, ஐயா நீங்கள் கப்பல் கப்டனாய் வந்திருக்க வேண்டியவர் என்றார். ஏழாம் வகுப்போடு நின்றவன் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நேற்று நீ போன் எடுத்தபோது பெட்டியெல்லாம் கடைக்கு வந்துவிட்டது என்று எவ்வளவு சந்தோசமாய்ச் சொன்னாய். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடப் பொங்கல் விழாவில் தொண்ணூறு பிள்ளைகளுக்கும் அந்தப் புழுக்கொடியல் மாவைத் துருவின தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து உருண்டை பிடித்துக் கொடுக்கப் போவதாய்ச் சொன்னாய். ஜெயசுதனின் தாயும் தகப்பனும் பக்கத்திலிருந்து கேட்க, "சின்னையா, அனுப்ப முதல் நீங்கள் வாயிலை போட்டுப் பாத்தனீங்கள்தானே" என்று கேட்டாய். ஓம் பிள்ளை, ஒரு பிடி அள்ளித் தின்றேன், கற்கண்டு தோற்றுப்போம் என்று சொன்னேன். போனை வைத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, இளவாலையிலிருந்து செபஸ்தியம்மா பஸ்ஸில் வந்து இறங்கினா. நாங்கள் மா வாங்கியது அவவிடம்தான். நாங்கள் மூடையை எடுத்த கையோடு மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று மன்னாருக்குப் போனவ, நேற்றுத்தான் வந்து அறையைத் திறந்திருக்கிறா. வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணை, உங்களுக்கெண்டு கட்டி வைச்ச புழுக்கொடியல் மா அப்பிடியே கிடக்குது. ஒடியல் மா மூடையைத்தான் காணேல்லை. நீங்கள் எதைத் தூக்கிக்கொண்டு போனனீங்கள்?" என்று கேட்டா. நான் அவவுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் மறந்துபோனேன்.

ஜெயசுதன் அங்கேயே பிறந்த பிள்ளை, அவனுக்கு நீ விளங்கப்படுத்த வேண்டும். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அந்த மாவைச் சின்னப் பிள்ளையும் அப்படியே தின்னலாம். அவிக்காமல் பச்சையாய்க் காயவைத்தது ஒடியல், அந்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்புத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுத்தான் பிட்டோ கூழோ செய்வது. ஊறவிடாமல் தின்றால் வயிற்றைப் பிரட்டும், தலை சுற்றும். நான் இளந்தாரியாய் இருக்கையில் பக்கத்து வளவுப் பொன்னம்பலம் பந்தயத்துக்கு அதை அள்ளித் தின்றுவிட்டு இரண்டு நாள் சத்தி எடுத்தான், நான்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெல்லிப்பளை ஆஸ்பத்திரி மட்டும் ஓடினேன், வழியில் ஓரிடத்திலும் இறக்கவில்லை. அவன் மாட்டு வண்டி இழுத்த உடம்புக்காரன், அவனுக்கே அந்தப் பாடு. உன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள், எங்கள் சுபாங்கனும் இருப்பான். கசப்பு இருந்தால் துப்பிவிடுவார்கள் என்று நேற்று முழுக்க என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு யோசித்தால், நீ போடப்போகிற சீனிக்கு எந்தக் கசப்பும் மறைந்துவிடும். பைக்கற்றில் அப்படியே உண்ணலாம் என்று அந்த நாட்டுப் பாசையில் அச்சடித்து, இறக்குமதி செய்தவர் என்று கீழே உன் பெயரையும் போட்டிருக்கிறாய். ஒரு பிள்ளைக்கு ஒன்றென்றாலும் பெற்றவர்கள் உன்னைத்தானே பிடிப்பார்கள், ஐந்து வருடம் இரண்டு வேலை பார்த்துத் திறந்த கடை.

நேற்றுப் பின்னேரம் நல்லூருக்குப் போனேன். ரியூசன் விட்ட பிள்ளைகள் சைக்கிளைச் சாத்திவிட்டு வடை தின்றுகொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் கும்பிடாமலே திரும்பி வந்தேன். வீட்டில் போன் அடித்தால் எடுக்கப் பயமாயிருக்கிறது, அடிக்காவிட்டாலும் பயமாயிருக்கிறது. ரெலிபோனில் கதைக்கலாம்தான், ஆனால் நீ அதைச் சத்தமாய் வைத்து எல்லாருக்கும் கேட்க விடுகிறாய், நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் என் வாய் தன்பாட்டில் ஓடிவிடும். அதனால் எழுதுகிறேன், செல்வநாயகி இதைப் படம் எடுத்து இப்போதே உனக்கு அனுப்புவாள்.

ஆனாலும் மகள், நீ ஒரேயடியாய்ப் பயப்படாதே. செபஸ்தியம்மாவுக்கு வயது போய்விட்டது, மூடையை மாறி நினைத்திருக்கலாம். நான் சுன்னாகத்தில் பைக்கற் அடைக்கும் இடத்தில், வேலை செய்கிற பெட்டைப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, மூடையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டவன். மெசினைக்கூட நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார்கள். கசந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போகும், இந்தக் குடாநாட்டில் ஒடியலை நாக்கால் தரம் பிரிக்க என்னைவிட ஆள் யார்?

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டுச் செல்வநாயகியிடம் நீட்டினேன். படம் எடுக்க முதல் வாசிக்க வேண்டுமென்று கண்ணாடியைப் போட்டாள். வாசித்துவிட்டு, பைக்கற் அடைத்தது எந்த நாள் என்று கேட்டாள். சூரன்போருக்கு முதல்நாள் என்றேன். "கந்தசட்டி விரதம் ஆறு நாளும் பச்சைத் தண்ணியும் பல்லிலை படேல்லையெண்டு சாவகச்சேரிச் சந்தை மட்டும் சொல்லித் திரிஞ்சனீங்கள். பேந்தென்னெண்டு ஒரு பிடி மா தின்னனீங்கள்? உதிலை ஒண்டுதான் உண்மையா இருக்கும், எதெண்டு பிள்ளைக்கு எழுதுங்கோ" என்று சொல்லிக் கடுதாசியை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பேனை கையிலிருக்கிறது.

மகள், சனிக்கிழமை உருண்டை பிடிக்காதே. ஒரு பைக்கற்றும் கடையில் வைக்காதே, விற்றிருந்தால் வீடு வீடாய்ப் போய்த் திருப்பி வாங்கு. பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் கற்கண்டும் கொடு. நீ ஒரு நுள்ளு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பு, கசக்காவிட்டாலும் என் சொல்லை நம்பி ஒன்றும் செய்யாதே, அங்கே பரிசோதிக்கிற இடத்தில் கொடுத்துக் கேள். ஒடியல்தான் என்றால் கொட்டவேண்டாம், ஊறவிட்டுப் பிட்டு அவிக்கலாம். ஜெயசுதனின் தாய்க்கும் தகப்பனுக்கும் இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டு, வெட்கமென்று விட்டுவிடாதே. உன் தகப்பன், என் அண்ணை, கண்ணை மூடிய நாளிலிருந்து நீ எனக்குப் பெறாத மகள், நீயும் உன் வீடும் உன் கடையும் அந்தத் தொண்ணூறு பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாவிட்டபுரத்துக் கந்தன் துணை நிற்பான். விரதம் பிடித்தது உண்மை. அந்த மூடையை நான் அவிழ்க்கவேயில்லை, கட்டோடு இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன், வாயில் போட்டுப் பார்த்தேன் என்றது நான் கட்டிய கதை.

உன் சின்னையா,
சி. கனகசூரியம்