கற்பூரத் தட்டு நீண்ட வெள்ளிக்கிழமை

காலையில் சாமிக்குக் கற்பூரம் காட்டினேன். புகை முகத்தில் படவும் என் கண் தானாக உங்கள் வலக்கையைத் தேடியது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு கார்த்திகை கழிந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை.

அப்போது நாம் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். சட்டநிரூபண சபைத் தேர்தல் வந்தது. கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் யாருக்கும் வோட்டு இல்லை. உங்களைப் போன்ற கணக்கப்பிள்ளைகள் சிலருக்குத்தான் இருந்தது. பதுளை வண்டிக்காரர் சங்கமும் கடைச் சிப்பந்திகள் சங்கமும் கூடி ஒருவரை ஆதரிப்பதென்று முடிவு செய்தன. அதைச் சொல்ல அரிசி மூட்டை இறக்கும் சாக்கில் ஒரு வண்டிக்காரர் நம் வீட்டுக்கு வந்தார்.

"எங்க சங்கத்துல ஊருப்பட்ட ஆளு இருக்குங்க. வோட்டுத்தான் ஒண்ணுகூட இல்ல. நீங்கதான் போடணும்."

"போடுறேன்" என்றீர்கள். அவ்வளவுதான்.

எப்படியோ அது பெரிய கங்காணி காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் பூசைக்கு வோட்டுள்ளவர்கள் எல்லோரும் வரவேண்டும், தோட்டத்துத் துரை சொல்லும் ஆளுக்கே போடுவதாக எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும், மறுப்பவருக்குப் பத்துச்சீட்டு என்று ஆள் அனுப்பினார். பத்துச்சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டால் வேலையும் போகும், வீடும் போகும். எனக்கோ நிறைமாதம்.

"அடிச்சிட்டு, அங்க போயி மாத்திப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்று உங்கள் கூட்டாளி யோசனை சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"ஆத்தா முன்னால பொய்ச்சத்தியம் மட்டும் வேணாங்க" என்றேன். சொன்ன பிறகு என் வயிற்றைத் தொட்டுக்கொண்டேன்.

"ஆத்தா மன்னிச்சாலும் நீ மன்னிக்க மாட்ட புள்ள" என்று சிரித்தீர்கள். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

கோயிலில் முதல் ஆளாக உங்களைத்தான் கூப்பிட்டார் கங்காணி. தட்டு நீண்டது. நீங்கள் அசையவில்லை. கற்பூரம் உருகிக்கொண்டே வந்தது.

"என்ன கணக்கப்பிள்ளை, கையில மருதாணியா வச்சிருக்கீங்க? அடிங்க!"

சிலர் சிரித்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆத்தா, சங்கம் சொன்ன ஆளுக்குத்தான் என் வோட்டு!" என்று சொல்லி ஓங்கி அடித்து அணைத்தீர்கள்.

மேளம் நின்றுபோனது. கங்காணி கையை ஓங்கவில்லை. அவரும் அம்மனுக்குப் பயந்தவர். அவர் நீட்டிய தட்டிலேயே விழுந்த சத்தியம் அது. அடுத்தவரிடம் நீட்டினால் அவரும் அப்படியே அடித்துவிடுவாரோ என்ற பயம் கங்காணி முகத்தில் தெரிந்தது. "பூசை போதும்" என்று தட்டை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். மற்றவர்கள் எந்தச் சத்தியத்துக்கும் கட்டுப்படாமல் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் உங்களுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். அந்த வண்டிக்காரரே நம் சட்டிபானைகளை ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வந்தார். வழியெல்லாம் உங்கள் உள்ளங்கைக் கொப்புளத்தில் நான் வெண்ணெய் தடவிக்கொண்டு வந்தேன். "உன் பேச்சைக் கேட்டேன் பாரு, கை வெந்துபோச்சு" என்றீர்கள். அதில் கோபம் இல்லை.

நீங்கள் சொன்னபடியே வோட்டுப் போட்டும் சங்கத்து ஆள் தோற்றுப்போனார். அதைக் கேள்விப்பட்ட அன்றும் நீங்கள் வருந்தவில்லை. வண்டியில் என் மடியில் கிடந்த அந்தக் கையால், பிறந்த மகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தீர்கள்.

இப்போது பெண்களுக்கும் வோட்டு வரப்போகிறதென்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வந்தால் என்னிடமும் யாராவது தட்டை நீட்டுவார்கள். நீட்டட்டும். உங்களைப்போல் கற்பூரம் உருகும்வரை நான் காத்திருக்க மாட்டேன்; என் ஆளைச் சொல்லி உடனே அடிப்பேன்.